ரூத் பாடிய அமாவாசை

காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்த்த ஒலிப்பதிவு ஸ்டுடியோவில் என் நாற்காலியில் இப்போது நிவேதா உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி. நான் ஆறு மாதம் திணறிக் கற்றதை ஆறே நாளில் கற்றுக்கொண்டாள். ஆனாலும் வாரத்துக்கு இரண்டு தடவை அவளிடமிருந்து போன் வந்துவிடும். போன வாரம் வந்த போனில் இப்படிக் கேட்டாள்:

“மேடம், ஒரு குரூப்புல பழைய பாடகர் போயிட்டாரு, புதுசா ஒரு பொண்ணு வந்துருக்குது. பழையவரு பாடின டிராக் நம்மகிட்ட இருக்குது. சாஃப்ட்வேர்ல போட்டா இந்தப் பொண்ணு குரலை அப்படியே அவரு குரலாட்டம் மாத்திடலாம். பத்து நிமிஷ வேலை. பண்ணிடட்டுமா?”

“பண்ணு. நான் அடுத்த பஸ்ஸைப் புடிச்சு வந்து உன் கையை ஒடிக்கிறேன்” என்றேன்.

“ஐயோ, ஏன் மேடம்?”

அது போனில் சொல்லி முடிகிற விஷயமா? “எழுதியாவது குடுத்துடுங்க, இங்க வர்ற பசங்களும் படிக்கட்டும்” என்றாள். சரி என்று உட்கார்ந்துவிட்டேன். எழுத்தாளர் இல்லை நான். முப்பத்து மூன்று வருஷம் அடுத்தவர் குரலைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தவள். அதனால் இப்போது கொஞ்சம் கூடுதலாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் கஸ்தூரி. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு அந்த ஸ்டுடியோவில் சேர்ந்தேன். கொடுத்த வேலை, பக்திப் பாட்டு கேசட்டுகளுக்கு லேபிள் ஒட்டுவது. டிப்ளமாவைக் கோந்தில் முக்கி எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மாடியில் மிக்ஸிங் மேஜையில் ஏதோ ஒயர் பிய்ந்துபோய், வெளியூரிலிருந்து வந்த பாடகர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மேலே போய்ப் பற்றவைத்துக் கொடுத்தேன். முதலாளி ரங்கய்யா என்னைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். “நாளையிலேர்ந்து மேலயே இரும்மா” என்றார். என் படிப்பு, பயிற்சி, பதவி உயர்வு எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம்.

ரங்கய்யா சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வீட்டில் தெலுங்கு, ஸ்டுடியோவில் தமிழ், கோபம் வந்தால் இரண்டுமே இல்லை. ‘நன்றாக இருந்தது’ என்றோ ‘சரியில்லை’ என்றோ அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. பாடியது பிடித்திருந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைப்பார். பிடிக்கவில்லை என்றால் மைக்கை அழுத்தி, “ஒரு வாய் தண்ணி குடிங்கம்மா” என்பார். அவ்வளவு மரியாதையாகச் சொல்வார். ஊரிலிருக்கிற பாடகர்கள் அந்தத் தண்ணீருக்கு நடுங்குவார்கள். ஒருவர் ஒரே பாட்டுக்கு ஒன்பது தடவை தண்ணீர் குடித்துவிட்டு, பத்தாவது தடவை “சார், பாத்ரூம் எங்க?” என்று கேட்ட கதை உண்டு.

பதிவுக்கு முன்னால் அவர் செய்கிற காரியங்களுக்கு ஒரு வரிசை உண்டு. அது மாறவே மாறாது. மின்விசிறியை நிறுத்துவது, ஏசியை நிறுத்துவது, ரீங்காரம் வருகிறது என்று டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரே ஒரு குண்டு பல்பைப் போடுவது. பிறகு பாடகியின் கை வளையல்கள் கழன்று ஒரு எவர்சில்வர் தட்டுக்குப் போகும். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தால் போச்சு, அது சரசரக்கும். காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவை கட்டி வந்தவர்களை வாசலோடு நிறுத்திய ஒரே இடம் எங்கள் ஸ்டுடியோதான். அவர்களுக்கென்றே பீரோவில் இரண்டு பழைய நூல்புடவை துவைத்து மடித்து வைத்திருப்போம். முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக்கொள்வார்கள். கடைசியாக எல்லாரும் ஒரு நிமிஷம் மூச்சுவிடாமல் நிற்க, அந்த அறையின் வெறும் மௌனத்தைப் பதிவு செய்வோம். அதற்குப் பிறகுதான் பாட்டு.

அந்த மௌனம் எங்களுக்குச் சுலபத்தில் கிடைக்காது. ஸ்டுடியோ இருந்தது நெசவாளர் தெருவில் ஒரு மாடியில். இடமும் வலமும் எதிரும் தறி. விடிந்தால் சடக் சடக் என்று ஆரம்பித்துவிடும். சுவருக்குத் தேங்காய் நார், கம்பளி, முட்டை அட்டை என்று என்னென்னவோ அடித்தும் அந்தச் சத்தம் எங்கிருந்தாவது வந்துவிடும். வாத்தியங்களை மற்ற நாளில் எப்படியோ சமாளித்து எடுத்துவிடலாம். குரலை மட்டும் அமாவாசையில்தான் எடுப்போம், அன்றைக்குத் தறிக்கு விடுமுறை. எங்கள் தெருவே வாய்மூடிக் கிடக்கும். மற்ற ஊரில் முகூர்த்த நாள் பார்த்துப் பாட்டுப் பதிவு செய்வார்கள். நாங்கள் அமாவாசைக்குத் தவம் கிடந்தோம்.

இன்னொரு வழக்கமும் சொல்ல வேண்டும், என் கதையே அதில்தான் இருக்கிறது. டிராக் என்று ஒன்று உண்டு. பாட்டு எங்கே தொடங்கும், எங்கே நிற்கும் என்று வாசிப்பவர்களுக்குத் தெரிவதற்காக யாராவது ஒருவர் முன்கூட்டியே சும்மா பாடி வைப்பது. வாத்தியங்கள் அதை வைத்து வாசித்து முடித்த பிறகு, நிஜப் பாடகர் வந்து அதைக் காதில் கேட்டுக்கொண்டு பாடுவார். பிறகு டிராக் குரலை எடுத்துவிடுவோம். “டிராக் சன்னமா காதுல இருந்துக்கினே இருக்கணும்மா, இல்லன்னா ஆளு தொலைஞ்சுடுவாங்க” என்பார் ரங்கய்யா சார். அந்த அளவு எது என்பதற்கு மேஜையில் குமிழ் அருகே தன் மனைவியின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளியே வைத்திருந்தார். அவர் ஓய்வு பெற்று மகனோடு போன பிறகு மேஜை மாறியது, கம்ப்யூட்டர் வந்தது. புள்ளி போய்விட்டது, என் கை போகவில்லை. யார் பாடினாலும் என் கை தானாக அந்த இடத்துக்குப் போய் டிராக்கை வைத்துவிடும்.

இப்படி அம்மன் பாட்டும் சுப்ரபாதமுமாகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு நாள் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேருக்கும் கறுப்புச் சட்டை. சபரிமலைக்குப் போகிறவர்கள், ஐயப்பன் பாட்டுப் போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, “சாமி, உக்காருங்க சாமி” என்றேன்.

“சாமில்லாம் இல்ல ஆன்ட்டி. நாங்க மெட்டல் பேண்டு, ராக்குல சத்தம் ஜாஸ்தியான வகை” என்றான் நடுவில் இருந்தவன். அவன்தான் குகன், கிட்டார். பட்டு நெசவுக் குடும்பத்துப் பையன். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. பக்கத்தில் மணி, டிரம்ஸ் அடிப்பவன். பேசுவதற்குப் பதிலாகத் தலையாட்டுவான். மூன்றாமவன் தினா, பாடகன். பேண்டின் பெயர் ‘கொடுவாள்’.

முதல் நாள் தினா மைக் முன்னால் நின்று வாயைத் திறந்ததும் அடித்தொண்டையிலிருந்து ஒரு உறுமல் வந்தது பாருங்கள். எனக்குச் சர்வாங்கமும் பதறிவிட்டது. பதிவை நிறுத்திவிட்டுத் தண்ணீர்ச் சொம்போடு உள்ளே ஓடினேன்.

“தம்பி! இன்னாப்பா ஆச்சு?”

“பாடிக்கினு இருக்கேன் ஆன்ட்டி.”

“இதுவா?”

“இதுதான் ஆன்ட்டி.”

“ஆன்ட்டி உங்க வீட்டாண்ட. இங்க மேடம்” என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மணி முதன்முறையாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

போகப் போகப் பிடித்துவிட்டது. பொய் சொல்வானேன், ரொம்பவே பிடித்துவிட்டது. கத்தல் என்று ஊரார் நினைக்கிறதுக்குள்ளே எவ்வளவு மூச்சுக் கணக்கு இருக்கிறது என்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டவளுக்குத் தெரியும். அந்த முதல் ஆல்பம் வெளியாகி, காஞ்சிபுரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை கம்பெனி பஸ்களில் ஓடியது. தினா முகம் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு பையன்கள் திரிந்தார்கள். ஒருவன் முதுகில் அந்த முகத்தைப் பச்சையே குத்திக்கொண்டான், பெற்றவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டாவது ஆல்பத்துக்கு ‘அடங்காது’ என்று பெயர் வைத்து எட்டுப் பாட்டு தயார் செய்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தினாவுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. வீட்டு நிலைமை, போய்த்தான் ஆக வேண்டும். விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் வந்து, எட்டுப் பாட்டையும் ஒரே மூச்சில் டிராக்காகப் பாடிக் கொடுத்துவிட்டு, குகனைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனான். அன்றைக்கு அவனுக்கு நல்ல ஜலதோஷம் வேறு.

புதுப் பாடகரைத் தேடிக் குகன் அலையாத இடமில்லை. கடைசியில் கிடைத்தது வாலாஜாபாத்தில். குகனின் தங்கை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். விளையாட்டு விழாவுக்கு இவன் போயிருந்தபோது மைக் செட் பொசுக்கென்று படுத்துவிட்டதாம். பி.டி. டீச்சர் ஒருத்தி வெறும் தொண்டையில் அணிவகுப்பு முழுவதையும் நடத்தி முடித்தாளாம். மைதானத்தின் அந்தக் கோடியில் டீக்கடையில் இருந்தவர்கள்கூட எழுந்து நின்றுவிட்டார்கள் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவள்தான் ரூத். சர்ச் கோயரில் பாடுகிறவள். பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் இதே மாதிரிப் பாட்டைக் கேட்டுக்கொண்டு வருகிறவள் என்பது குகன் கேட்ட பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

முதல் அமாவாசைக்கு ரூத் வந்தாள். இழுத்துக் கட்டிய கொண்டை, வெள்ளை கேன்வாஸ் ஷூ. சொல்வதற்கு முன்னாலேயே வாட்சைக் கழற்றித் தட்டில் வைத்தாள். ‘நில்’ என்றால் நிற்கிறாள், ‘இன்னொரு தடவை’ என்றால் முகம் சுளிக்காமல் பாடுகிறாள். நான் வழக்கம்போல எல்லாம் செய்தேன். விசிறி, ஏசி, லைட், ஒரு நிமிஷ மௌனம், டிராக்.

நான்கு பாட்டு எடுத்தோம், நான்கும் சரியில்லை. குரலில் பலம் இருக்கிறது, தாளம் தப்பவில்லை, சுருதி சுத்தம். ஆனாலும் யாரோ தினாவைப் போல மிமிக்ரி செய்வதாகவே கேட்டது. நானும் “ஒரு வாய் தண்ணி குடிம்மா” என்று ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு பாட்டிலும் சரணத்துக்கு முன்னால் ‘சர்’ரென்று மூக்கை வேறு உறிஞ்சினாள்.

“சளி புடிச்சிருக்குதா? மிளகு தட்டிப் போட்டுப் பால் வாங்கியாரச் சொல்லட்டுமா?”

“இல்ல மேடம், நல்லாதான் இருக்கேன்.”

சாயங்காலம் அவள் வாட்சைக் கட்டிக்கொண்டிருந்தபோது குகன் என் அருகே வந்து கண்ணாலேயே கேட்டான். எனக்குச் சர்வீஸ் ஜாஸ்தி, வாய்க்கொழுப்பும் ஜாஸ்தி. “குரல் ஒட்டலப்பா. கஷ்டம்தான்” என்றேன். கண்ணாடிக் கதவு திறந்திருந்ததை நான் பார்க்கவில்லை.

குகன் அவளிடம் நேராகவே பேசிவிட்டான், அதில் குறை சொல்ல முடியாது. ஆல்பம் வெளியிட மண்டபம் பேசியாயிற்று. அதற்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு அமாவாசைதான் இருக்கிறது. அன்றைக்கு இரண்டு பாட்டு எடுத்துப் பார்ப்போம். வரவில்லை என்றால் தினாவின் டிராக்கையே சுத்தம் செய்து ஆல்பத்தில் போட்டுவிடலாம், மேடையில் மட்டும் ரூத் பாடட்டும். இதுதான் அவன் யோசனை.

ரூத் ஷூ லேஸைக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். “ஆல்பத்துல என் குரல் இல்லன்னா மேடையில மட்டும் நான் எதுக்கு? அவருக்குப் பதிலா நிக்கிற பொம்மையா? இந்த எட்டுப் பாட்டையும் மூணு மாசமா எங்க வீட்டு மொட்டை மாடியில பாடிக்கினு இருக்கேன். எங்கம்மாவே மனப்பாடமா சொல்லுவாங்க. அடுத்த அமாவாசை வரேன். வரலன்னா சொல்லிடுங்க, போயிடறேன். ஆனா பொம்மையா நிக்க மாட்டேன்.”

அழவில்லை. படியில் இறங்குகிற சத்தம் மட்டும் ஒரே சீராகக் கேட்டது. திறந்திருந்த கண்ணாடிக் கதவை அப்போதுதான் பார்த்தேன். இருந்தாலும் என் காது சொன்னதைத்தானே சொன்னேன் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தினாவின் டிராக்கைச் சுத்தம் செய்கிற வேலையை ஆரம்பித்தேன். அவனுடைய ஜலதோஷத்தை அங்கங்கே வெட்டி எடுக்க வேண்டுமே. முதல் பாட்டு, சரணத்துக்கு முன்னால் ‘சர்’ரென்று ஒரு உறிஞ்சல். வெட்டினேன். இரண்டாவது பாட்டு, அதே இடம், அதே ‘சர்’. கை அப்படியே நின்றுவிட்டது. இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே?

ஹெட்போனில் இடது காதுக்குத் தினாவையும் வலது காதுக்கு ரூத்தையும் போட்டுவிட்டு ஓடவிட்டேன். அடக் கடவுளே! இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் மூக்கு உறிஞ்சுகிறது. மூச்சு வாங்குகிற இடம் ஒன்று. வார்த்தையை இழுக்கிற நீளம் ஒன்று. அவனுக்கு மூக்கடைத்துக்கொண்டு ஒரு வரியைப் பாதியில் விட்டிருக்கிறான், இவளும் அதே இடத்தில் பாதியில் விடுகிறாள். பி.டி. டீச்சர் ஆயிற்றே! காதில் வந்த கட்டளையை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறாள். கட்டளை போட்டது யார்? நான். பாட வந்திருப்பது யார் என்றுகூடப் பார்க்காமல் என் கை போய் வைத்த டிராக். அம்மன் பாட்டுக்குச் சரி. அங்கே இசையமைப்பாளர் சொன்னபடி அச்சாகப் பாட வேண்டும். இங்கே ஒருத்தி தன் சொந்தக் குரலோடு வந்து நிற்கிறாள். அவள் காதுக்குள் நாள் முழுக்க இன்னொருத்தனை உட்காரவைத்துவிட்டு, ‘குரல் ஒட்டல’ என்று தீர்ப்பு வேறு சொல்லியிருக்கிறேன்.

தயிர்சாதம் இறங்கவில்லை. டப்பாவை மூடிவிட்டு வாலாஜாபாத் பஸ்ஸில் ஏறினேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அவளைப் பற்றிச் சொன்னது அவள் காதுபடச் சொன்னது. தப்பு என்று சொல்வதும் நேரில்தானே முறை?

பள்ளிக்கூட கேட்டைத் தாண்டும்போதே கேட்டது. மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்க, ரூத் முதுகு காட்டி நின்று கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தாள். வயிற்றிலிருந்து கிளம்பி, மார்பில் தங்காமல், நேரே வெளியே போகிற குரல். தினாவுடையது கரடுமுரடு. இது கனமாக, வட்டமாக, அடியில் ஒரு அதிர்வோடு இருந்தது. சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழும்பிப் போயின. நான் அங்கேயே நின்றுவிட்டேன். நான் ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்த பெண்ணின் குரலை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். சொன்னால் வெட்கம், கண்ணில் நீர் வந்துவிட்டது.

“மேடம்? நீங்க எங்க இங்க?” என்று ஓடிவந்தாள்.

“தப்பு என்னோடதும்மா. உன் தொண்டையில ஒண்ணும் கோளாறு இல்ல. என் கையிலதான் கோளாறு” என்று ஆரம்பித்து, டிராக்கிலிருந்து மூக்கு வரைக்கும் கொட்டினேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

“அது சளியா?” என்றாள்.

“எது?”

“அந்த ‘சர்’ரு! நான் ஸ்டைலுன்னு நெனச்சேன் மேடம்! மெட்டல்ல இப்படி ஒண்ணு இருக்குது போலன்னு, ரெக்கார்டிங்குக்கு முன்னால குகன் டிராக் அனுப்பினதும், வீட்டுல கண்ணாடி முன்னால நின்னு ஒரு வாரம் பிராக்டீஸ் பண்ணேன்! எங்கம்மா டாக்டராண்ட போலாம்னுட்டாங்க!”

அவள் விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து சிரிக்க, நானும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, பிள்ளைகள் வரிசை கலைந்து வேடிக்கை பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் அவள் ஒரு கேள்வி கேட்டாள். “டிராக் இல்லன்னா எங்க ஆரம்பிக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“மூணு மாசமா மொட்டை மாடியில எப்படித் தெரிஞ்சுது?”

“எண்ணிக்கினு பாடுவேன். ட்ரில் மாதிரி.”

“அப்ப எண்ணிக்கோ.”

குகனையும் அன்றைக்கே பார்த்து, நான் சொன்னது தப்பு என்று மணியின் முன்னாலேயே சொன்னேன். குகன் யோசித்தான். “இப்பவும் ரெண்டு பாட்டுதானே மேடம் எடுத்துப் பாக்கப் போறோம்?” என்றான். “எட்டு எடுக்கப் போறோம், மறு அமாவாசைக்கு உன் மண்டபம் காத்திருக்காது” என்றேன். மணி தலையாட்டினான்.

இரண்டாவது அமாவாசை. காலை ஆறு மணிக்கெல்லாம் ரூத் வந்துவிட்டாள். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் பேச்சுகூட மாடி வரை கேட்டது. விசிறி, ஏசி, லைட். ஒரு நிமிஷ மௌனம். அதற்குப் பிறகு என் கை தன் பழைய இடத்துக்குத் தானாகப் போயிற்று. அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் டிராக்கை முழுக்கக் கீழே இறக்கினேன். அவள் காதில் இப்போது கிட்டாரும் டிரம்ஸும் மட்டும்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் உதடு அசைந்து எண்ணுவது தெரிந்தது. எண்ணி முடித்தாள். வாயைத் திறந்தாள்.

முதல் வரியிலேயே மீட்டர் சிவப்பைத் தாண்டிவிட்டது. நான் அலறிப் புடைத்துக்கொண்டு அளவைக் குறைத்தேன். குகன் நாற்காலியிலிருந்து எழுந்தவன் உட்காரவே இல்லை. பாலாற்று மணலைப் பற்றிய பாட்டு அது. அள்ளிக்கொண்டு போனவனைப் பார்த்து ஆறே திரும்பிக் கேட்பதாக எழுதியிருந்தான் குகன். தினா பாடியபோது அது கோபமாக இருந்தது. ரூத் பாடியபோது, மைதானத்துக்கு நடுவில் நிறுத்தி வைத்து, ‘சொல்லு, ஏன் செஞ்சே?’ என்று விசாரிப்பதாக இருந்தது. எனக்கே நான் ஏதோ மணல் திருடிவிட்டேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. கடைசி வரியை அவள் ஒரே மூச்சில் இழுத்து நிறுத்தினாள். தலை மட்டும் ஆட்டுகிற மணி வாயைத் திறந்தான். “யப்பா” என்றான்.

“மேடம், தண்ணி குடிக்கணுமா?” என்று மைக்கில் கேட்டாள் ரூத்.

“குடிக்காதே! தொட்டே பாக்காதே! அடுத்த பாட்டு!” என்று கத்தினேன்.

பத்து மணி வாக்கில், மூன்றாவது பாட்டு நடக்கும்போது, கீழே கதவை இடித்தார்கள். போய்த் திறந்தால் எதிர்வீட்டு நெசவாளர் ஏகாம்பரமும் அவர் சம்சாரமும், கூட நாலைந்து பேரும் நிற்கிறார்கள். சுவரில் அடித்த முட்டை அட்டை எல்லாம் ரூத்தின் குரலிடம் செல்லுபடியாகவில்லை.

“யம்மா, உள்ள யாரையோ போட்டு அடிக்கிறாங்கன்னு சொல்லிக்கினு இருக்காங்க. இன்னா விஷயம்?”

“பாட்டுங்க.”

“பாட்டா? அமாவாசையும் அதுவுமா?” என்றவர், “எங்க, நான் பாக்கலாமா?” என்று மேலே ஏறி வந்துவிட்டார். வந்தவர் இரண்டு பாட்டு முழுக்கக் கைகட்டி நின்று கேட்டார். போகும்போது, “புரியல. ஆனா அந்தப் பொண்ணு சொன்னா நான் கேட்டுக்குவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சம்சாரம் எங்கள் எல்லாருக்கும் சேர்த்து விரதச் சாப்பாடு அனுப்பிவைத்தாள். வடை, பாயசத்தோடு மெட்டல் பாட்டுப் பதிவு செய்த ஸ்டுடியோ வேறு எங்காவது இருந்தால் சொல்லுங்கள்.

எட்டுப் பாட்டும் முடிந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. ரூத்துக்குப் பேச்சு வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. குகன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தான், விடவில்லை. “சாரி ரூத், சாரி” என்றான். அவள் சைகையால் ‘கையை விடுப்பா, வாட்ச் கட்டணும்’ என்றாள்.

ஆனால் ஸ்டுடியோவில் ஜெயித்தது ஜெயித்ததாகுமா? மண்டபத்தில் ஜனங்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்பது பாக்கி இருந்தது. ஆல்பம் வெளியீட்டு நாளில் நானும் போனேன், காதில் பஞ்சு சகிதம். கல்யாண மண்டபம்தான், மணமேடையில் டிரம்ஸ். சாயங்காலமே கூட்டம் நிரம்பிவிட்டது. பார்த்த இடமெல்லாம் தினா முகம் போட்ட பனியன். ரூத் மேடைக்கு வந்ததும் ஒரு மூலையில் ஆரம்பித்தது, “தினா! தினா!” என்று. அரை நிமிஷத்தில் மண்டபம் முழுக்க அதே கூச்சல். குகன் முகம் வெளுத்துப்போயிற்று. எனக்கு அந்தக் கூட்டத்தை ஆளுக்கொரு அறை விடலாமா என்று இருந்தது. இந்தப் பெண் திரும்பி நடந்துவிடுவாளோ என்ற பயத்தில் முன்னால் இருந்த நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ரூத் மைக்கை எடுத்தாள். அவசரப்படவில்லை.

“தினா துபாய்ல இருக்காருப்பா. அவ்ளோ தூரம் கேக்க வேணாமா? இன்னும் சத்தமா கூப்பிடுங்க!”

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. அப்புறம் யாரோ சிரித்தார்கள். “எங்க, இந்தப் பக்கம்!” என்று இடது கையை உயர்த்தினாள். “தினா!” “இப்ப அந்தப் பக்கம்!” “தினா!” அவளும் அவர்களோடு சேர்ந்து கத்தினாள். சண்டைக்கு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே கத்தினார்கள். மூன்றாவது தடவை அந்தக் கூச்சல் உச்சிக்குப் போன நேரம் பார்த்து மணியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் குச்சியை இறக்கினான். பாலாற்றுப் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

நான் மேடையைப் பார்க்கவில்லை. கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வரிக்குத் தலைகள் நிமிர்ந்தன. இரண்டாவது வரிக்கு செல்போன்கள் உயர்ந்தன. சரணம் வந்தபோது ஒருவனும் போனைப் பார்க்கவில்லை, எல்லாரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரியை அவள் இழுத்து நிறுத்தியதும் மண்டபமே இடிந்து விழுகிற கூச்சல்.

எனக்குப் பக்கத்தில் நெஞ்சு வரை தாடி வைத்த ஓர் ஆள், தினா பனியன்தான், வேர்த்து ஊற்ற நின்றுகொண்டிருந்தான். என் பக்கம் குனிந்தான்.

“யம்மா! அந்த அக்கா பேரு இன்னா?”

சொன்னேன். அந்த இரைச்சலில் கேட்கவில்லை, காதைக் கையால் குவித்துக்கொண்டு இன்னும் கிட்டே வந்தான். அத்தனை வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்தவள், இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்.

“ரூத்!”